திருநெல்வேலி பின்கோடு 627001 பகா எண்ணா? கால்குலேட்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பகா எண் இல்லை. 627001 = 71 × 8831. ஆனாலும் சந்தேகம் வந்தது நியாயம்தான். சின்ன எண் எதற்கும் இது மசியாது.

இதன் வர்க்கமூலம் 791-ஐச் சற்றுத் தாண்டும். முறைப்படி பார்த்தால் 787 வரையுள்ள 138 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கணும். அவ்வளவு மெனக்கெட வேண்டாம். 627 = 3 × 11 × 19. ஆகவே 627000-ஐ 2, 3, 5, 11, 19 ஐந்துமே மீதியின்றி வகுக்கும். நம் எண் அதைவிட ஒன்று கூடுதல் என்பதால் ஐந்துக்கும் மீதி 1. ஒரே வீச்சில் ஐந்து காலி! அடுத்து, 1001 = 7 × 11 × 13. அதனால் முதல் மூன்று இலக்கத்திலிருந்து (627) கடைசி மூன்றை (001) கழித்தால் போதும்: 626. இதை 7-ம் வகுக்காது, 13-ம் வகுக்காது. நம் எண்ணையும் அப்படியே.

மிச்சத்தைக் கையால்தான் வகுக்கணும். 71-ல் மாட்டிக்கொள்ளும். அது 20-ஆவது பகா எண்தான், நல்ல காலம். 71-க்குக் கீழே உள்ளவை ஏற்கெனவே கழிந்துவிட்டன, 8831-ன் வர்க்கமூலமும் 94-க்குள் என்பதால் 71, 73, 79, 83, 89 மட்டும் பார்த்தால் போதும். எதுவும் வகுக்காது, அதுவும் பகா எண்.

இன்னொன்று: 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதால், இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று தோன்றும். முடியாது. 71, 8831 இரண்டுமே 4-ஆல் வகுக்க மீதி 3 தருபவை, அதுவும் ஒரே ஒரு முறை மட்டும் வருபவை. அப்படிப்பட்ட பகா எண் காரணியாக இருந்தால் அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க முடியாது.

என்னைக் கேட்டால் ஆத்துக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டைதான் அழகு: 627002 = 2 × 37² × 229.