சுத்தியலா, புல்லரா?

கேள்வி: மோட்டார் ஷாஃப்டில் இறுகியிருந்த பேரிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, புதியதையும் தட்டியே ஏற்றினேன். சில நாட்களிலேயே இரைச்சல் வருகிறது. ஏன்?

பதில்: பேரிங்கின் வெளிவளையத்தில் விழும் ஒவ்வோர் அடியும் இரு வளையங்களுக்கும் இடையே உருளும் குண்டுகளின் வழியாகவே உள்வளையத்தைச் சென்றடைவதால், அவை ஓடும் பாதையில் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத சிறு குழிகள் விழுந்துவிடுகின்றன; இரைச்சல் பெரும்பாலும் அவற்றால் எழுவதே. புதிய பேரிங் இப்படி வீணாவது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கழற்றும்போது, பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரின் கொக்கிகள் உள்வளையத்தின் பின்புறத்தைப் பற்றியிருக்க, மரையில் கிரீஸ் தடவிய நடுத்திருகின் முனை ஷாஃப்டின் மையத்தில் நேராக அமர வேண்டும். சாய்ந்தால் கொக்கி நழுவித் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஏற்றும்போது பேரிங்கைச் சுமார் 110 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், உள்வளையம் விரிந்து, தட்டாமலேயே ஷாஃப்டில் வழுக்கிச் சென்று அமரும். ரப்பர் மூடியுள்ள பேரிங்குக்கு 80 டிகிரியே எல்லை.