எங்கே தப்பு என்று சொல்லாத வாத்தியார்

அன்புள்ள ஐயா,

டிரம் பழகும் ஒரு மாணவனையும் அவனை அடித்து வதைக்கும் ஜாஸ் ஆசிரியரையும் பற்றிய ‘விப்லாஷ்’ என்ற ஆங்கிலப் படத்தை 14 வயது மகனோடு பார்த்தேன். அவன் 3 வருடமாக மிருதங்கம் கற்கிறான். படம் முடிந்ததும், “இப்படி ஒரு வாத்தியார் கிடைத்திருந்தால் நான் இந்நேரம் கச்சேரியே வாசித்திருப்பேன்” என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவனுடைய ஆசிரியர் அதட்டக்கூட மாட்டார். ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்று சும்மாவா சொன்னார்கள்? பெரிய வித்வான்கள் எல்லாம் அடி வாங்கி வந்தவர்கள்தானே? வேறு ஆசிரியரிடம் சேர்க்கலாமா? கடைசிக் காட்சியில் ஜெயித்தது யார் என்றும் எங்களுக்குள் வாக்குவாதம். ஜாஸும் நம் சங்கீதமும் ஒன்றா என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போன வாரம்தான் அந்தப் படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து மனதில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. உங்கள் கடிதத்தில் அந்தப் பழமொழியைப் படித்ததும் அது என்னவென்று பிடிபட்டுவிட்டது.

ஜாஸும் நம் சங்கீதமும் ஒன்றா என்பதை இன்னொரு நாள் பேசலாம். கடைசியில் ஜெயித்தது யார் என்றால், அந்த மாணவன் ஆண்ட்ரூ முப்பது சொச்ச வயதில் போதையில் செத்துப்போவான் என்றுதான் தனக்குத் தோன்றுவதாக இயக்குநர் டேமியன் சஸெல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். படைத்தவரே அப்படி நினைக்கிறார். வாக்குவாதத்தை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

படத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 19 நாளில் எடுத்த படம். படத்தொகுப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம்தான், காட்சிக்குக் காட்சி வெட்டு தாளத்தில் வந்து விழுகிறது. உங்கள் மகன் மயங்கியது அந்த வேகத்தில். அதற்காக அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் நானும் மயங்கியிருப்பேன்.

உங்களிடம்தான் எனக்குக் கோபம். ஃப்ளெட்சர் என்ற அந்த ஆசிரியர் படம் முழுக்க எதைச் சொல்லிக்கொடுக்கிறார்? தயவுசெய்து இன்னொரு முறை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். முதல் நாள் ஒத்திகையில் ஆண்ட்ரூவை நிறுத்தி, நீ ஓடுகிறாயா, இழுக்கிறாயா என்று கேட்கிறார். நம் வகுப்புகளில் தினமும் கேட்கும் கேள்விதான் அது. காலப்பிரமாணம், அதாவது எடுத்துக்கொண்ட வேகம், முன்னே பாய்ந்தால் ஓடுவது, பின்தங்கினால் இழுப்பது. பையனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத இடத்தில்தானே ஆசிரியருக்கு வேலை? அவர் எண்ணச் சொல்லிக் கன்னத்தில் அறைகிறார். தாளத்தின் எந்த எண்ணிக்கையில் நழுவியது, ஏன் நழுவியது, அதற்கு என்ன சாதகம் செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. பாதி வேகத்தில் வாசித்துக் காட்டு என்று ஒரு முறைகூடச் சொல்வதில்லை. பையனின் விரல்களில் ரத்தம் வழிகிறது, அவன் ஐஸ் தண்ணீரில் கையை விடுகிறான். கொட்டு வாத்தியம் வாசிக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். அவ்வளவு ரத்தம் வந்தால் குச்சியை இறுக்கிப் பிடிக்கிறான் என்றுதான் முதலில் சொல்வார்கள். பிடியைத் தளர்த்து என்று சொல்ல அந்தப் பள்ளியில் ஒருவரும் இல்லை.

தன் முறைக்கு ஆதாரமாக ஃப்ளெட்சர் ஒரு கதை சொல்கிறார். பின்னாளில் ஜாஸ் மேதையான சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் சிறுவனாக வாசித்தபோது டிரம் கலைஞர் ஜோ ஜோன்ஸ் அவர் தலையைக் குறிவைத்துச் சிம்பலை, டிரம்மோடு மாட்டியிருக்கும் உலோகத் தகட்டை, எறிந்தார், அந்த அவமானத்தில்தான் மேதை பிறந்தான் என்று. நடந்தது வேறு. 1936, கான்ஸாஸ் சிட்டி, ரீனோ கிளப். பார்க்கருக்குப் பதினைந்து பதினாறு வயது. நடுவில் தடம் தப்பியதும் ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் தரையில் போட்டார். நிறுத்து என்று அர்த்தம். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவமானம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை ஃப்ளெட்சர் சொல்வதில்லை. அடுத்த வருடம் கோடையில் பார்க்கர் ஓசார்க் மலைப் பக்கம் ஒரு குழுவோடு வாசிக்கப் போனார். கூடவே சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகள். அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பழகினார். உடன் வாசித்த மூத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின் கணக்கைக் கற்றார். பல வருடம் தினமும் 11 மணி நேரத்துக்குக் குறையாமல் சாதகம் செய்ததாகப் பின்னால் அவரே ஒரு பேட்டியில் சொன்னார். அந்தக் கோடை முடிந்து திரும்பியவரைக் கேட்டவர்களுக்கு ஆளே மாறிவிட்டது போலிருந்தது. சிம்பல் விழுந்தது ஒரு நொடி. அந்தத் தட்டுகள் சுழன்றது ஒரு கோடை முழுக்க. எதைக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

நானும் மிருதங்கம் கற்றேன், 5 வருடம். முதல் ஆசிரியரின் பெயர் வேண்டாம். கையில் தாளக் குச்சியோடு உட்கார்வார். தப்பினால் மணிக்கட்டில் விழும். என் பக்கத்தில் இன்னொரு பையன். என்னைவிட நூறு மடங்கு நல்ல கை. அவன் ‘நம்’ என்ற அடியைப் போட்டால் கணீரென்று நிற்கும், நான் போட்டால் பலகையில் தட்டியது மாதிரி இருக்கும். நல்ல கை என்பதாலேயே அவனுக்கு அடி அதிகம். “உன்கிட்ட இருக்குடா, அதான் அடிக்கிறேன்” என்பார். ஒரு நாள் கோர்வை ஒன்றில், அதாவது மூன்று முறை வாசித்து முடிக்கும் கணக்கில், மூன்றாவது சுற்றில் தொடர்ந்து ஓடினான். எல்லார் முன்னாலும் அவனை நிற்கவைத்து, அவன் அப்பாவின் தொழிலைச் சொல்லி, உனக்கெல்லாம் இது எதற்கு என்றார். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

நான் 2 வருடம் கழித்து வேறொருவரிடம் போனேன். அவரும் சாது இல்லை, சகோதரி, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். 40 நாள் ஒரே பாடத்தை, ஒரே காலத்தில் வாசிக்க வைத்தார். ஒரு நாளும் ‘பேஷ்’ என்று சொன்னதில்லை. நான் அழுதிருக்கிறேன். ஆனால் அவர் என் கையைப் பார்ப்பார். எனக்கும் கோர்வையில் ஓடுகிற வியாதி உண்டு. ஒரு மாலை கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கை ஓடலை. மூச்சைப் பிடிக்கிறே. கோர்வை வரப்போகுதுன்னு பயந்து ரெண்டு தாள வட்டம் முன்னாலேயே மூச்சை அடக்கிடறே. வாய்விட்டுச் சொல்லிண்டே வாசி.” சொல்கட்டை, அதாவது வாசிக்கும் சொற்களை, வாயால் சொன்னால் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்? பத்தே நாளில் ஓட்டம் நின்றது. நான் வித்வான் ஆகவில்லை, ஆகக்கூடிய கையும் எனக்கு இல்லை. ஆனால் இன்றும் கச்சேரியில் உட்கார்ந்தால் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை முழுதாக அனுபவிக்கிறேன். அது அவர் கொடுத்தது.

அடி வாங்கி வளர்ந்த வித்வான்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மேடைக்கு வந்தவர்களிடம் மட்டும்தான் பேட்டி எடுக்கிறார்கள், அம்மா. அடி தாங்காமல் போனவர்களிடம் யாரும் எடுப்பதில்லை. அந்தப் படத்திலேயே ஷான் கேஸி என்றொரு பழைய மாணவன் வருகிறான். அவன் இசைத்தட்டைப் போட்டுவிட்டு ஃப்ளெட்சர் கண்ணீர் விடுகிறார், கார் விபத்தில் இறந்துவிட்டான் என்கிறார். அவன் தூக்கு மாட்டிக்கொண்டவன் என்பது நமக்குப் பிறகுதான் தெரிகிறது. உங்கள் கடிதத்தில் ஆண்ட்ரூ இருக்கிறான், ஃப்ளெட்சர் இருக்கிறார், அந்தப் பையன் இல்லை. எனக்கு அது தாங்கவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவனைப் பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். உள்ளே தவில் தனி களைகட்டியிருந்தது. அவன் மட்டும் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்தான். உள்ளே வாடா, பிரமாதமா வாசிக்கிறார் என்று கூப்பிட்டேன். “இல்லடா, தாளம் கேட்டா எண்ண ஆரம்பிச்சிடுவேன். மூணாவது சுத்து வர்றப்ப கையெல்லாம் வேர்த்துடும்” என்றான். மங்கள இசை முடிகிறவரை நானும் வெளியிலேயே அவனோடு நின்றேன்.

ஆசிரியரை மாற்றலாமா என்று கேட்டீர்கள். ஒரு நாள் வகுப்பில் போய் ஓரமாக உட்காருங்கள். உங்கள் மகன் தப்பு செய்யும்போது அந்த மனிதர் குரலை உயர்த்துகிறாரா என்று பார்க்காதீர்கள். எங்கே தப்பு என்று சொல்கிறாரா, சொன்ன பிறகு அவன் கை மாறுகிறதா, அதைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் மகன் இப்போது என்ன பாடம் வாசிக்கிறான் என்பதையும் எழுதுங்கள்.