எந்த உப்பு?

கே.ஆர்.எஸ்., கோவில்பட்டி.

கேள்வி: அமெரிக்காவில் கருவிலேயே சோதித்து, அறிவு கூடுதலாக இருக்கும் கருவாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்கிறார்களாம். நாளைக்கு ஊசி, மாத்திரை என்று இங்கேயும் வந்துவிடும். உப்புப் போட்டுச் சோறு தின்கிற எந்தக் குடும்பமாவது இயற்கைக்கு விரோதமான இந்தக் காரியத்துக்குச் சம்மதிக்குமா? என் மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். பிறக்கப்போகும் என் பேரனுக்கு அப்படி ஒரு மருந்து வந்தால் நான் என்ன செய்வது?

பதில்: எந்த உப்பு?

கிண்டலில்லை, நிஜமாகவே கேட்கிறேன். கோவில்பட்டிக்காரர் நீங்கள், தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில்தான். வீட்டு ஜாடியில் இருப்பது பாத்தியிலிருந்து வாரிய கல்லுப்பா, சிரிக்கும் சூரியன் முத்திரை போட்ட பாக்கெட் உப்பா? முத்திரை உப்பு என்றால், இயற்கைக்கு விரோதமான அந்தக் காரியத்தை உங்கள் குடும்பம் தினமும் மூன்று வேளையும் செய்துகொண்டிருக்கிறது. வாழ்த்துகள்.

பிள்ளைகளின் அறிவை மருந்தால் உயர்த்துவது நூறு வருஷப் பழசு. 1922-ல் ஸ்விட்சர்லாந்தில் ஒரு மலைப்பகுதியில் உப்பில் அயோடின் கலந்தார்கள். 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். அன்றைக்கு அவர்கள் விரட்ட நினைத்தது முன்கழுத்துக் கழலையைத்தான். பிள்ளைகளின் அறிவை உயர்த்துவது அவர்கள் குறி இல்லை. பல வருஷம் கழித்து, இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு ஆள் எடுத்த பழைய ஏடுகளைச் சில பொருளாதார நிபுணர்கள் புரட்டினார்கள். உப்பு மாறுவதற்கு முன் பிறந்தவர்கள், பின் பிறந்தவர்கள், இவர்களில் தேர்வில் நல்ல மதிப்பெண் கேட்கும் விமானப் பிரிவுக்குப் போனவர்கள் எத்தனை என்று கணக்குப் போட்டார்கள். மண்ணில் அயோடின் மிகவும் குறைந்த ஊர்களில், அதாவது மக்களில் கால்வாசிப் பேருக்கு, ஐக்யூ ஏறக்குறைய 15 புள்ளி ஏறியிருந்தது. அந்தத் தாய்மார்கள் யாரும் அறிவாளிப் பிள்ளை வேண்டும் என்று கேட்டு உப்பு வாங்கியவர்கள் இல்லை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபது வருஷத்துக்கும் கூட்டிப் பாருங்கள், நாலு கிராம் தேறாது. கர்ப்பிணிக்குக் கொஞ்சம் கூடுதல், 250. ஆகவே, ஐயா, நீங்கள் பயப்படும் அந்த மருந்து மருமகளின் இன்றைய ரசத்தில் இருக்கிறது. அல்லது இல்லை. போய்ப் பாருங்கள்.

இல்லாமலிருக்க, மற்ற மாநிலங்களைவிட இங்கே வாய்ப்பு அதிகம். 2018-19-ல் நாடு முழுக்க எடுத்த அயோடின் ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் நாம்தான் கடைசி. உப்பு விளையும் மாநிலம் என்பதும் ஒரு காரணம். எங்கள் தெருவுக்கு மூன்று சக்கர வண்டியில் கோணி மூட்டையோடு ஓர் உப்புக்காரர் வருவார். படியில் குவித்து அளந்து, மேலே கொசுறாக ஒரு கை அள்ளிப் போடுவார். அந்தக் கொசுறுக்கு முன் எந்தப் பாக்கெட் நிற்கும்? கடல் உப்பில் தானாகவே அயோடின் இருக்குமே என்பார்கள். கடல் மீனில் இருக்கிறது. உப்பாகக் காய்ந்த பிறகு மிஞ்சுவது சொற்பம்.

இந்துப்பு அன்பர்கள் இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பார்கள். போன வருஷம் இதே பக்கத்தில் இந்துப்பை 'ரோஸ் கலர் பாறைத்தூள்' என்று எழுதியதற்கு வந்த வசவுகள் இன்னும் என் டிராயரில் இருக்கின்றன. ஒருவர் கோபத்தில் சந்தாவை ரத்து செய்துவிட்டு, அடுத்த மாதமே மனைவி பெயரில் கட்டினார். அவர்களுக்கும் இயற்கை என்ற சொல்தான் ஆயுதம். மலையடிவாரத்து மண்ணில் அயோடின் இல்லாமல் போனதும் இயற்கைதான். கழலையும் சுத்த இயற்கை.

ஆனால் அவர்கள் பக்கம் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது, அதை அவர்கள் கேட்பதில்லை. என்னைக் கேட்காமல் என் சோற்றில் அரசாங்கம் ஏன் மருந்து போட வேண்டும்? சாப்பாட்டுக்கு அயோடின் இல்லாத சாதா உப்பை விற்கக் கூடாது என்ற தடையை 2000-ல் மத்திய அரசே விலக்கியது. 2006-ல் மறுபடி கொண்டுவந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம், அந்த விதி கலப்படத் தடுப்புச் சட்டத்துக்குள் அடங்காது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் விதியை உடனே நிறுத்தாமல், முறையாகச் சட்டம் செய்ய ஆறு மாதம் கொடுத்தது. சின்ன உப்பளக்காரர்களின் வயிற்றெரிச்சலிலும் நியாயம் உண்டு. இத்தனைக்குப் பிறகும் நான் கட்டாய உப்பின் கட்சி. கலெக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் உப்பளத்தில் பலகை இழுப்பவர் பிள்ளைக்கும் ஒரே பாக்கெட் போகிறது என்பதுதான் காரணம்.

அமெரிக்க விஷயத்துக்கு வருகிறேன். 2024-ல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியது: சோதனைக் குழாயில் உண்டாக்கிய நூறு கருக்களைச் சோதித்துத் தர ஒரு நிறுவனம் 50,000 டாலர் வரை கேட்கிறது, ஆறு புள்ளிக்கு மேல் ஏறும் என்கிறது. நம் பணத்தில் நாற்பது லட்சத்துக்கு மேல். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் போட்ட கணக்குப்படி, பத்துக் கருக்களில் முதலிடம் வருவதைப் பொறுக்கினாலும் சராசரியாகக் கிடைப்பது இரண்டரைப் புள்ளி. நம் நாட்டில் 2021 சட்டப்படி கருச் சோதனை மரபு நோய்களுக்கு மட்டும். அது கிடக்கட்டும், மருமகளுக்கு ஐந்தாம் மாதம் என்கிறீர்கள். பிறக்கப்போவது பேரன் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஸ்கேன் சென்டர் பெயரை எழுத வேண்டாம். 1994-லிருந்தே அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது.

பொறுக்கிப் பிள்ளை பெறும் ஆசையும் புதிதில்லை. உடையாத மூக்குக்கண்ணாடி வில்லை செய்து பணம் பண்ணிய ராபர்ட் கிரஹாம், 1980-ல் கலிஃபோர்னியாவில் நோபல் பரிசு பெற்றவர்களுக்கென்று ஒரு விந்து வங்கி திறந்தார். ஆமாம், நானும் கொடுத்தேன் என்று வெளியில் வந்து சொன்ன நோபல்காரர் ஒரே ஒருவர்தான்: டிரான்சிஸ்டர் புகழ் வில்லியம் ஷாக்லி. அப்போது வயது எழுபது. தன் சொந்தப் பிள்ளைகள் அறிவில் தன்னைவிட எவ்வளவோ கீழே என்று பேட்டி கொடுத்த தகப்பன் இவர். காரணமும் சொன்னார்: முதல் மனைவிக்குத் தன் அளவு படிப்பில்லையாம். பிள்ளை மக்கானால் அது மருமகள் வழி என்பதை நம்மூர் மாமியார்கள் எந்தப் பரிசும் வாங்காமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். நோபல் கணக்கில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை. பிறகு வாலிபர்களாகப் பார்த்துச் சேர்த்து, இருநூறுக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. 1999-ல் வங்கி மூடப்பட்டது. டெபாசிட்தாரர்கள் யாரும் மறியல் செய்ததாகச் செய்தி இல்லை.

சரி, உண்மையைச் சொல்லுங்கள். பேரனுக்கு வேண்டியது அறிவா, ரேங்க்கா? ஐக்யூவின் சராசரி எப்போதும் 100. எல்லாப் பிள்ளைகளும் பத்துப் புள்ளி ஏறினால், தேர்வைக் கடினமாக்கி மறுபடி நூறுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். தேரோட்டத்தில் எல்லாத் தகப்பன்மாரும் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்ட கதைதான். அறிவு வேண்டும் என்பவர் அடுத்த வீட்டுப் பையனுக்கும் அது கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டும். ரேங்க் வேண்டும் என்பவருக்கு அந்த மருந்து அடுத்த வீட்டுக்குத் தெரியக் கூடாது. இரண்டாவது ஆளுக்கு நான் பதில் சொல்வதில்லை. அவருக்கு ஊருக்கு நாலு கோச்சிங் சென்டர் இருக்கிறது.

கோச்சிங் சென்டர் என்றதும் (என் பழைய வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள்) ஒரு சோதனை ஞாபகம் வருகிறது. கவனக்குறைவு நோய் உள்ள பிள்ளைகளுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை நோயில்லாதவர்களும் படிப்புக்காக விழுங்குகிறார்கள். மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட சோதனையில், ஆரோக்கியமான நாற்பது பெரியவர்களுக்கு இதையும் இன்னும் இரண்டு மாத்திரைகளையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்து ஒரு கணக்கு வைத்தார்கள். குறிப்பிட்ட எடைக்கு மேல் போகாமல், ஒரு பையில் மதிப்புக் கூடுதலான பொருட்களை அடுக்க வேண்டும். (நம் பிள்ளைகளின் பைக்கு எடை வரம்பு கிடையாது என்பதால் இங்கே இந்தச் சோதனை நடக்காது.) மாத்திரை போட்டபோது அதிக நேரம் மல்லுக்கட்டினார்கள், எடுத்து எடுத்து மாற்றினார்கள், முயற்சியின் தரம் மட்டும் இறங்கிவிட்டது. இதை நம்மூர் கோச்சிங் சென்டர்கள் மாத்திரையே இல்லாமல் சாதித்திருக்கின்றன. நோயில்லாத பிள்ளைகளுக்கு இந்த மாத்திரைகளை எழுதுவது சரியில்லை என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களின் சங்கம் 2013-லேயே சொல்லிவிட்டது.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். மனிதனுக்கு இல்லை, எலிக்கு நடந்திருக்கிறது. 1999-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியன் என்பவரும் சகாக்களும் ஒரே ஒரு மரபணுவைத் தூக்கலாக்கி, ஞாபகசக்தி கூடிய எலியை உண்டாக்கினார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. 2001-ல் செயின்ட் லூயிஸ் நகரில் அதே ரக எலிகளை ஒரு குழு சோதித்தது. சட்டென்று குத்தும் வலி மற்ற எலிகளுக்கு இருக்கும் அளவுதான். ஆனால் காயம் வீங்கி நாள்கணக்கில் நீளும் வலி, புத்திசாலி எலிகளுக்கு அதிகமாக இருந்தது. இதற்குள் அந்த எலிகளின் புகைப்படம் எத்தனையோ அட்டைகளில் வந்தாகிவிட்டது.