மேம்பாலம் ஏறினாலே மூச்சு முட்டுகிறது

கேள்வி: வயது 36. பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு மேம்பாலத்தில் போகும்போது திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். இசிஜி, ரத்தப் பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. பிறகு மூன்று முறை இதேபோல் வந்தது. ஒவ்வொரு முறையும் எப்படியோ ஓரங்கட்டிவிட்டேன். இப்போது மேம்பாலம், நெடுஞ்சாலைப் பக்கமே போவதில்லை. மனைவி பக்கத்தில் இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை. மயங்கி யார் மீதாவது மோதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் சொல்வது பேனிக் அட்டாக்கின், அதாவது திடீரெனப் பொங்கிவரும் கடும் பயத்தின், அறிகுறிகளோடு ஒத்துப்போகிறது. முதலில் அந்த மயக்க பயத்தைப் பார்த்துவிடுவோம். பொதுவாக மயக்கம் வருவது ரத்த அழுத்தம் சட்டென இறங்கும்போது. பேனிக் அட்டாக்கில் அட்ரினலின் சுரந்து, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறவே செய்கின்றன. அதனால் தலை கிறுகிறுத்தாலும் நினைவு தப்புவது அரிது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது. கிறுகிறுப்பும் விரல் மரத்துப்போவதும் அதனால்தான். காற்று போதவில்லை என்று தவிக்கும் அந்த நேரத்தில், தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே ஆழமாக இழுக்க முயலாதீர்கள். மூக்கு வழியாக மெதுவாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும் அறிவுரைகள் வண்டி ஓட்டுபவருக்குப் பொருந்தாது. பார்வை சாலையிலேயே இருக்கட்டும். கவனம் சிதறுவதாகத் தோன்றினால் சிக்னல் போட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, ஹசார்டு விளக்கைப் போடுங்கள். பாலத்தின் நடுவே நிறுத்த இடமில்லையென்றால் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, பாலம் இறங்கும்வரை ஓட்டுங்கள். நான்கு முறையும் வண்டி உங்கள் கையை மீறவில்லை என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதற்றம் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். தணிந்து தெளிந்தபின் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கொஞ்ச தூரமாவது முன்னால் போங்கள். பாதியில் திரும்பினால், 'தப்பித்ததால் பிழைத்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. இன்று மேம்பாலம், நாளை நெடுஞ்சாலை, பிறகு தெருமுனை என்று உங்கள் உலகம் சுருங்குவது இப்படித்தான்.

தைராய்டு பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். காபியைக் குறையுங்கள். உண்மையிலேயே நினைவு தப்பினாலோ, நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்படி நேர்ந்தால், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாது.

பேனிக் அட்டாக்குக்கு நல்ல பலன் தருவது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. பயமூட்டும் எண்ணங்களையும் விலகி ஓடும் பழக்கத்தையும் பேச்சு, பயிற்சி வழியாக மாற்றும் முறை அது. மனநல மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மருந்து தருவார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டாம். தூக்கம் தரும், பழக்கமாகவும் ஆகிவிடும்.

பயிற்சியைச் சின்னதாகத் தொடங்குங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு சிறிய பாலம், மனைவி பக்கத்தில். படபடப்பு பாதியாகக் குறையும்வரை அதையே பல நாள் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். பிறகு அவர் பின் இருக்கைக்கு மாறட்டும். அதன்பின் பாலத்தின் மறுமுனையில் காத்திருக்கட்டும். தனியாகப் போகும் நாளில், வழியில் போன் செய்து 'எப்படி இருக்கிறது?' என்று கேட்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்திவிட்டு நீங்களே கூப்பிடுங்கள்.