இடிந்த கோட்டையும் கிராமமும் உள்ள பழைய பிரெஞ்சுப் படம்: கையால் வரைந்ததா, அச்சா?

கேட்டவர் சொல்வது இது: குன்றின் மேல் இடிந்த கோட்டை, கீழே ஆற்றோரக் கிராமம், ஓரத்தில் பிரெஞ்சு எழுத்து. பார்த்தால் பென்சில் ஓவியம் போலவே இருக்கிறதாம்.

அநேகமாக லித்தோ, அதாவது கல்லச்சுப் படம். ஆனால் 'வெறும் அச்சுதானா' என்று சோர்ந்துபோக வேண்டாம். நுண்ணிய சொரசொரப்பு வரும்படி தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் மெழுகும் கொழுப்பும் கலந்த கிரேயானால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், ஈரம் பட்ட இடம் மையைத் தள்ளிவிடும், கோடு மட்டும் பிடித்துக்கொள்ளும். செம்புத் தகட்டு வேலையில் ஓவியரின் கோட்டை இன்னொருவர் வெட்டிச் செதுக்குவது வழக்கம். இதில் கிரேயான் பிடித்த கையின் அழுத்தமே தாளுக்கு வந்துவிடும்.

ஒருமுறை இப்படி ஒன்றை 'அசல்' என்று நம்பிக் காசு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தால் வரிசை வரிசையாக ஒரே சீரான புள்ளிகள். பிற்காலப் புகைப்பட அச்சு! உண்மையான லித்தோவில் கிரேயான் கல்லில் உரசிய சொரசொரப்புத்தான் தெரியும், மணலைத் தூவியது போல, ஒழுங்கே இருக்காது.

இந்த மாதிரிப் படங்களில் பெயர்பெற்றது, 1820 முதல் 1878 வரை பாரோன் டெய்லர் பகுதி பகுதியாக வெளியிட்ட பழைய பிரான்ஸின் காட்சித் தொகுப்பு. முதலில் வந்தது வட பிரான்ஸின் நார்மண்டிப் பகுதி. புரட்சிக்குப் பிறகு மடங்களும் கோட்டைகளும் கல்லுக்காக உடைபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதனால்தான் இடிபாட்டின் மேல் அத்தனை மோகம். கூடவே கொஞ்சம் மிகையும் உண்டு: அடியில் ஈ அளவு மனிதர்களை வைத்துக் கோட்டையை வானளவு ஆக்கிவிடுவார்கள்.

உங்கள் படத்தில் கீழே ஓடுவது சேன் நதி என்றால், அது நார்மண்டியின் ஷாத்தோ கையார் கோட்டையாக இருக்கலாம். இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னன் 1196 முதல் 1198க்குள் கட்டி முடித்தது. பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது ஊர்மக்கள் கோட்டைக்குள் ஓடினார்கள். சாப்பாடு போதாது என்று உள்ளே இருந்தவர்களே அவர்களை வெளியே தள்ளினார்கள். அவர்களில் பலர் இரண்டு படைக்கும் நடுவே குளிர்காலத்தில் பட்டினி கிடந்தார்கள். கோட்டை 1204 மார்ச்சில் விழுந்தது. படத்தில் அந்த இடம் என்னவோ ஆடு மேய்கிற சரிவாகத்தான் இருக்கும்.

அடி ஓரத்தைப் பாருங்கள்: 'டெல்.' (del.) என்றால் மூலச் சித்திரம் வரைந்தவர், 'லித்.' (lith.) என்றால் கல்லில் வரைந்தவர் அல்லது அச்சிட்ட கூடம். புதுச் சட்டம் போடும்போது கடைக்காரர் அந்த ஓரத்தை வெட்ட வந்தால் தடுத்துவிடுங்கள்.