வாசகர் கேள்வி – பதில்: தெருப் பெயரை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின், தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் எங்கள் சத்துவாச்சாரிப் பக்கத்துத் தெருக்களைச் சேர்த்து வருகிறேன். பெயர் தெரியாத சந்துகளுக்குக் கூகுள் மேப்ஸைப் பார்த்து எழுதினால் என்ன, தெருப் பெயர் ஊருக்குப் பொதுதானே என்கிறான் என் பேரன். அவன் சொல்வது சரியா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: பாதி சரி. தெருவின் பெயர் எவருக்கும் சொந்தமன்று. ஆனால், ஒரு நிறுவனம் திரட்டி வைத்த தொகுப்பைத் திறந்து, அதிலிருந்து பெயர் பெயராக எடுப்பது வேறு விஷயம். நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வரைபடத்தையும் கலைப் படைப்புகளின் கணக்கில் சேர்க்கிறது. உழைத்துத் திரட்டியது என்பது மட்டும் பதிப்புரிமைக்குப் போதாது, ஓரளவேனும் படைப்புத் திறன் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உங்கள் பேரன் வழக்கறிஞரானால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். ஆனால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டம் 2004-இல் பிரிட்டனில் தொடங்கியது, அங்கும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தரவுத் தொகுப்புகளுக்கென்றே தனி உரிமை உண்டு. இந்த வரைபடத்தை உலகில் எவரும் அச்சமின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பதால், எந்த நாட்டில் தப்பிக்கலாம் என்று பாராமல், உரிமையுள்ள பிற வரைபடங்களிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பதையே திட்டம் தன் விதியாக வைத்திருக்கிறது. போதாததற்கு, நகலெடுப்போரைக் கண்டுபிடிக்கவென்றே இல்லாத சந்து ஒன்றை வரைந்து வைக்கும் வழக்கமும் வரைபடத் தொழிலில் உண்டு. அதைப் படியெடுத்தால், ஊரில் இல்லாத தெருவுக்கு நீங்கள் சாட்சி சொன்னவர் ஆவீர்கள்.

ஆகவே, மாலை நடைக்குப் போகும்போது சந்து முனையிலுள்ள பெயர்ப் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து, அதைப் பார்த்துப் பதியுங்கள். பலகையைச் சுவரொட்டி மறைத்திருந்தால், அங்கே பல்லாண்டுகளாகக் குடியிருப்பவரிடம் கேட்டு எழுதலாம். நேரில் அறிந்ததும் ஏற்புடைய மூலமே. பலகையில் தமிழில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே தமிழ்ப் பெயருக்குரிய இடத்தில் பதியுங்கள், ஏனெனில் ஆங்கில எழுத்திலிருந்து திருப்பி எழுதும்போதுதான் நம் ஊர்ப் பெயர்கள் சிதைகின்றன. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரையவும் தடையில்லை. ஆனால் அனுமதி பெற்ற படமாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பிங் வரைபடச் சேவையின் படங்களுக்கு 2010-இல் அவ்வாறு அனுமதி அளித்தது, கூகுளின் படங்களுக்கு அந்த அனுமதி இல்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் சேமிக்கும்போது, 'நேரில் பார்த்தது' என்பது போல மூலத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

பழைய வரைபடங்கள் மீது ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு. அரசு வெளியிட்ட படைப்புகளுக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் வரைதான் இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை. 1881-இல் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு போன்றவை எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டன. ஆனால், அதிலுள்ள ஏரி இன்று வீட்டு மனையாகியிருக்கலாம் என்பதால், போய்ப் பார்த்த பிறகே வரையுங்கள்.

கேள்வி: விவரம் தெரியாமல் முப்பது தெருக்களை வேறொரு வரைபடத்தைப் பார்த்தே பதிந்துவிட்டேன். சத்தமில்லாமல் அழித்துவிடலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சத்தமில்லாமல் வேண்டாம். நீங்கள் அழித்தாலும் பழைய பதிப்பு திருத்த வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். திட்டத்தின் தரவுப் பணிக்குழுவிடம் எந்தெந்தத் திருத்தங்கள் என்று எழுதினால், வரலாற்றிலிருந்தும் அவற்றை மறைக்க அவர்களால் இயலும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2012-இல் திட்டம் இன்றைய திறந்த தரவுத்தள உரிமத்துக்கு மாறியபோது, சம்மதம் தராதவர்களின் நேர்மையான உழைப்பையே நீக்கத்தான் வேண்டியிருந்தது. நீக்கிய பின், முப்பது தெருக்களையும் நடந்து பார்த்துப் பதியுங்கள். குடியாத்தத்து வெயிலுக்கு, காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.