விமானத்தை நினைத்தாலே உறக்கம் போகிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் தக்கலைக்கு அருகில் உள்ள ஓர் ஊரில் வசிக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், வயது 62. கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஒரே மகள் குடும்பத்தோடு கனடாவில், டொராண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். வரும் ஜனவரியில் அவளுக்கு இரண்டாவது பேறுகாலம். டிசம்பர் முதல் வாரத்தில் நானும் கணவரும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். வளைகுடா வரை ஏறத்தாழ 4 மணி நேரம், அங்கிருந்து டொராண்டோவுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். இதை எழுதும்போதே கை வியர்க்கிறது.

முன்பெல்லாம் எனக்கு இந்தப் பயம் கிடையாது. மூத்த பேரன் பிறந்தபோது கனடாவுக்குப் போனோமே, அப்போதுதான் தொடங்கியது. அட்லாண்டிக் கடலுக்கு மேல் விமானம் வெகுநேரம் குலுங்கியது. மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இதோடு முடிந்தது என்று தோன்றிவிட்டது. அதன்பின் 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்ததைத் தொலைக்காட்சியில் நாள் முழுவதும் காட்டினார்கள். உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார் என்பதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் மும்பையில் என் அண்ணன் மகனின் திருமணம். கணவரின் கையைப் பிடித்தபடியே போய் வந்தேன்.

ஓணம் முடிந்த வாரத்தில் கனடா டிக்கெட் வந்தது. அதிலிருந்துதான் இரவில் உறக்கம் என்பதே இல்லாமல் போனது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும் வரை ஓடுதளமும் கடலும்தான் கண்ணில் தெரிகின்றன. என் கணவரோ, களியக்காவிளைச் சாலையில் ஸ்கூட்டரில் போவதைவிட விமானத்தில் போவது பத்திரம் என்று சொல்லிச் சிரிக்கிறார். போன முறை திரும்பி வரும்போது நான் வழியெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கியதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். களைப்பில் தூங்கியிருப்பேன், அதற்காக எனக்குப் பயமில்லை என்று ஆகிவிடுமா?

டிக்கெட்டை மருமகன்தான் எடுத்து அனுப்பினார். இம்முறை சூப்பர் விசா கிடைத்திருக்கிறது, ஒரே தடவையில் 5 ஆண்டுகள் வரைகூடத் தங்கலாமாம், ஆகவே போவதற்கு மட்டும் எடுத்திருக்கிறார். வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அது இருக்கட்டும். எங்களுக்குக் கிடைத்திருப்பது விமானத்தின் கடைசிப் பகுதியில் நடு இருக்கைகள். அங்கேதான் குலுக்கல் அதிகம் என்கிறார்கள். இதை மாற்றித் தரச் சொன்னால் மகள், ‘அம்மா, கைக்குழந்தைகளே வந்துபோகின்றன, உங்களுக்கு என்ன’ என்று கேட்கிறாள். பெற்ற பிள்ளைக்கே என் நிலைமை புரியவில்லை.

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் அக்கா, பிள்ளைப்பேற்றுக்குப் போகாத தாய் உண்டா என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். நான் போக மாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லையே. கன்னியாகுமரியில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி, 4,000 கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்து திப்ரூகர் போ என்றால் இன்றைக்கே பெட்டியைக் கட்டுவேன். கனடாவுக்கு ரயில் இல்லையே. கணவருக்கு இதெல்லாம் காதில் ஏறுவதில்லை. இருக்கிற கொஞ்சம் ரப்பரையும் 3 வருடப் பால்வெட்டுக் குத்தகைக்குக் கொடுப்பது பற்றி யாருடனாவது பேசிக்கொண்டே இருக்கிறார். மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேறு ஆசிரியரிடம் சேர்த்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் தலைவலி. இந்தப் பயத்தால் உடம்பும் கெட்டுப்போகிறது.

அக்கா, தாம் போடும் தூக்க மாத்திரையில் பாதியைப் போட்டுக்கொண்டு ஏறச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? எந்த இருக்கை நல்லது? வாசல்வரை போய் ஏற முடியாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

வாசகி,
தக்கலை வட்டாரம்

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் விமானத்தைப் பற்றிய பத்திகளைக் காட்டிலும், ‘அது இருக்கட்டும்’ என்று நீங்கள் ஒதுக்கி வைத்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். திரும்பி வருவதற்கு டிக்கெட் இல்லை. இதைச் சொன்ன கையோடு நடு இருக்கையைப் பற்றிய புகாருக்குப் போய்விட்டீர்கள்.

நீங்கள் எழுதியவற்றையே நாள்வரிசையில் வைத்துப் பார்ப்போம். அட்லாண்டிக் கடலுக்கு மேல் அஞ்சி நடுங்கிய நீங்கள், சில மாதங்கள் கழித்து அதே கடலை அதே அளவு உயரத்தில் கடந்து வீடு திரும்பியபோது தூங்கினீர்கள். களைப்பு என்று காரணம் சொல்கிறீர்கள். விமானத்துக்கு உண்மையிலேயே அஞ்சுகிற பலரும் எவ்வளவு களைத்திருந்தாலும் கண்ணை மூடுவதில்லை, இறக்கையின் ஒவ்வொரு ஒலிக்கும் காது கொடுத்தபடி விழித்தே இருப்பார்கள். அகமதாபாத் விபத்து உங்களை உலுக்கியது. அந்தக் காட்சிகளைக் கண்ட எவரையும் அது உலுக்கியிருக்கும். ஆனாலும் அடுத்த மாதமே, தென்மேற்குப் பருவமழையின் நடுவில், மும்பைக்குப் போய் வந்திருக்கிறீர்கள். அச்சத்தோடுதான் போனீர்கள், என்றாலும் போனீர்கள். உறக்கம் முற்றிலும் போனது ஓணத்துக்குப் பிறகு, கையில் டிக்கெட் வந்த வாரத்தில். தலைவலி வந்தது மாணவர்களைப் பிரித்து அனுப்பிய நாளில். அன்றைக்கு உங்கள் அருகில் எந்த விமானமும் இல்லை.

உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. அட்லாண்டிக் கடலுக்கு மேல் உங்கள் உடல் கற்றுக்கொண்டது உண்மையான பாடம்: குலுக்கல் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் விரைந்து துடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், உயிர் போகிறது என்ற எண்ணம் தானாக வரும். அந்தப் பாடம் உடலில் தங்கிவிட்டது. வாய்விட்டுச் சொல்ல முடியாத வேறொரு கவலை வந்தபோது, மனம் அதை ஏற்கெனவே பழகிய இந்தப் பயத்தின் மேல் ஏற்றி வைத்துவிட்டது. பயம் இவ்வளவு விரைவாகப் பெருத்ததற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

போன முறை நீங்கள் சென்றது வழக்கமான சுற்றுலா விசாவில் என்றால், பொதுவாக 6 மாதம்தான் தங்க அனுமதி இருந்திருக்கும். எப்போது திரும்புவது என்பதை நீங்களும் மகளும் பேச வேண்டிய தேவையே எழுந்திருக்காது. உங்கள் சார்பில் ஒரு நாட்டின் குடிவரவுச் சட்டம் பேசிவிட்டது; யாருக்கும் வருத்தமில்லாமல் நீங்கள் வீடு வந்து சேர்ந்தீர்கள். பெற்றோருக்கான சூப்பர் விசாவில் 2022 ஜூலையிலிருந்து ஒரு வருகைக்கு 5 ஆண்டுகள் வரை தங்க இடம் தந்திருக்கிறார்கள். பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் உங்களுக்காகப் பேசிக்கொண்டிருந்த அந்தச் சட்டம் இப்போது வாயை மூடிக்கொண்டது. எத்தனை மாதம் இருப்பேன், எப்போது கிளம்புவேன் என்பதை இனி நீங்களே உங்கள் வாயால் மகளிடம் சொல்ல வேண்டும். அதை நீங்கள் சொல்லவில்லை. உங்கள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கணவர் ரப்பர்க் குத்தகை பேசுகிறார், மருமகன் ஒருவழி டிக்கெட் எடுக்கிறார். நீங்களோ உங்கள் கையாலேயே மாணவர்களை வேறிடத்தில் சேர்த்துவிட்டு, விமானத்தை நினைத்து இரவெல்லாம் விழித்திருக்கிறீர்கள்.

பள்ளியில் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள்: உரிமையுள்ள தற்செயல் விடுப்பைத் தலைமை ஆசிரியரிடம் கேட்கத் தயங்கி, மருத்துவச் சான்றிதழ் வாங்கி வந்து கொடுப்பவர்கள். உங்கள் விமானப் பயம் இன்று அந்தச் சான்றிதழின் வேலையைச் செய்கிறது. ‘குழந்தை பிறந்து சில மாதங்கள் உன்னோடு இருப்பேன், பிறகு என் வீட்டுக்கு வந்துவிடுவேன்’ என்று ஒரு தாய் சொன்னால், நம் பக்கத்தில் அதைக் கல்மனம் என்பார்கள். உங்கள் அக்காவே அதற்குக் கட்டியம் கூறிவிட்டார். விமானம் ஏறப் பயம் என்றால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள், கேலியோடு விட்டுவிடுவார்கள். நீங்கள் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பயத்துக்கு உங்கள் வீட்டில் இப்படி ஓர் உபயோகம் இருக்கும்வரை, எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் அது குறையாது.

ஓரிடத்தில் நான் உங்கள் மகளின் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. பெற்ற பிள்ளைக்கே புரியவில்லை என்று மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் புரியும்படி நீங்கள் எதைச் சொன்னீர்கள்? அவரிடம் நீங்கள் கொண்டுபோனது இருக்கைப் பிரச்சினை. அவர் இருக்கைப் பிரச்சினைக்குத்தான் பதில் சொன்னார். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண், மூத்த குழந்தையையும் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு என்னைப் பார்க்க வருவதற்கு மனமில்லையோ என்று உள்ளுக்குள் அஞ்சிக்கொண்டிருக்கக்கூடும். அந்தச் சந்தேகம் தவறு. உங்களுக்குப் போக மனம் இருக்கிறது. அங்கேயே இருந்துவிடத்தான் மனமில்லை. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாததால், மகளுக்கு முதலாவதே இல்லை என்று தோன்ற வாய்ப்புக் கொடுக்கிறீர்கள். அது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

கணவரையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கேலி உங்களைக் காயப்படுத்துகிறது, அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. என்றாலும் நீங்கள் திரும்பும்போது தூங்கியதைக் கவனித்து, அதை மறக்காமல் இருப்பவர் அவர் ஒருவர்தான். அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவே. குத்தகைப் பேச்சை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்பார். அந்த இடத்தில் பேச்சைத் தொடங்குவது எளிது. அவருக்கு அங்கேயே நெடுங்காலம் இருக்க விருப்பம் என்றால் அதையும் அறிந்துகொள்வீர்கள். இருவரும் வேறு வேறு தேதிகளில் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு மகளை அழைத்து, ‘மக்களே, உனக்குப் பேறுகாலம் பார்க்க நான் கட்டாயம் வருவேன். இன்ன மாதத்தில் திரும்பி வருவேன்’ என்று மாதத்தின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். அவர் சில நாட்கள் முகம் வாடலாம், வாடட்டும். காரணம் கேட்டால் வீட்டைப் பூட்டிப் போட முடியாது, ரப்பர் மரத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று சாக்குகளை அடுக்க வேண்டாம். எனக்கு இங்கே இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற உண்மையே போதுமான காரணம். திரும்பும் டிக்கெட்டை உங்கள் ஓய்வூதியப் பணத்தில் நீங்களே எடுங்கள். பின்னால் தேதியை மாற்ற இடம் தரும் டிக்கெட்டாக இருந்தால் நல்லது. பிரசவத்தில் ஏதேனும் சிக்கல் வந்து கூடுதலாக இருக்க நேர்ந்தால், அதுவும் உங்கள் முடிவாக இருக்கும்.

நீங்கள் கேட்டவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்காவின் மாத்திரை வேண்டவே வேண்டாம். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்தை மற்றவர் போட்டுக்கொள்வது எங்குமே தவறு. நீண்ட பயணத்தில் மருந்து மயக்கத்தில் கால் அசைக்காமல் கிடந்தால், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது. விமானப் பயம் உள்ள 28 பெண்களை வைத்து நடந்து 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், அல்பிரசோலம் என்ற மாத்திரை போட்டவர்கள் முதல் பயணத்தில் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மாத்திரையின்றிப் பறந்தபோது அவர்களுக்கே பீதி அதிகமாக வந்தது. இறக்கைக்கு அருகில் இருக்கும் இருக்கைகளில் குலுக்கல் குறைவாகத் தெரியும்; அதைக் கேட்டு வாங்குங்கள், அது நியாயமான கோரிக்கை. உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் இருக்கைப் பட்டையை அவிழ்க்காதீர்கள். குலுக்கலில் காயப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பட்டை அணியாதவர்களே. படபடப்பு வந்தால் அதை அடக்கப் போராடாமல், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். பீதி பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பின் தானாகத் தணியும்.

வாசல்வரை போய் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன்பே நீங்கள் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மகளிடம் பேசி, திரும்பும் டிக்கெட்டும் கைக்கு வந்தபின் இரண்டு வாரம் பாருங்கள். உறக்கம் ஓரளவு திரும்பினால், மிச்சமிருக்கும் பயத்தோடு நீங்கள் மும்பைக்குப் போனது போலவே டொராண்டோவுக்கும் போய்விடலாம். அப்போதும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்து ஓடுதளம்தான் தெரிகிறது என்றால், பயத்தின் பெரும்பகுதி விமானத்தைப் பற்றியதுதான். என் கணிப்பில் ஒரு பகுதி பிசகு என்று கொள்ளுங்கள். நாட்களைக் கடத்தாமல் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று மனநல மருத்துவரைப் பாருங்கள். அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சைக்கு இவ்வகைப் பயங்கள் நன்றாகக் கட்டுப்படுகின்றன. டிசம்பருக்குள் அதைத் தொடங்குவதற்கு அவகாசம் இருக்கிறது. மாணவர்களைச் சேர்த்துவிட்ட ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், அடுத்த கல்வியாண்டில் நீங்கள் மறுபடி வகுப்பு எடுக்கப் போகிறீர்கள் என்று.